குடும்பத்தோடு மலை ஏற கெஸிக்கா, லான்பெரிஸா, ஈடேலா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாத்தா பாட்டி முதல் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரை எல்லோரும் சேர்ந்து போவதென்றால் வடமேற்கு இங்கிலாந்தில் ஏரிகளும் மலைகளும் நிறைந்த லேக் டிஸ்ட்ரிக்டில் இருக்கும் கெஸிக். நண்பர்கள் மட்டும், கார் இல்லை, கையில் ஒரே நாள்தான் என்றால் மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் நடுவே இருக்கும் பீக் டிஸ்ட்ரிக்டில் ஈடேல். பெரிய மலை ஒன்றின் உச்சியைத் தொட்டே தீர வேண்டும் என்றால் வேல்ஸில் லான்பெரிஸ் வழியாக ஸ்னோடன், ஆனால் அதை ஏறப்போகிறவர்கள் மட்டும் போகும் நாளாக வைத்துக்கொள்ளுங்கள்.

நம்மில் பலரும் உயரத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறோம். பிரிட்டனிலேயே உயரமான பென் நெவிஸ் 1345 மீட்டர், வேல்ஸின் ஸ்னோடன் 1085, இங்கிலாந்தின் ஸ்கேஃபெல் பைக் 978. ஊரிலிருந்து வந்திருக்கும் சித்தப்பா இதைக் கேட்டதும் "தொட்டபெட்டாவே 2637 மீட்டர், இதெல்லாம் ஒரு மலையா" என்பார். கணக்குக்கு அது சரிதான், ஆனால் தொட்டபெட்டாவில் கிட்டத்தட்ட உச்சி வரைக்கும் வண்டி போய்விடுகிறது, இங்கே கடல் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே ஆரம்பித்து மொத்த உயரத்தையும் காலால்தான் ஏற வேண்டும், ஆயிரம் மீட்டருக்கு ஆறேழு டிகிரி குளிர் கூடும், போதாததற்கு அட்லாண்டிக் பக்கமிருந்து வரும் காற்றும் மழையும். நேஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் சொன்ன ஒரு கணக்கை இன்றும் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள்: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். அது நன்றாக நடப்பவர்களுக்கான கணக்கு. பிள்ளைகளும் பெரியவர்களும் வந்தால் நான் அதோடு பாதியைக் கூட்டிக்கொள்வேன், சாப்பிட உட்காரும் நேரம் தனி.

என்னைப் பொறுத்தவரை கேட்க வேண்டிய கேள்வி வேறு. வந்தவர்கள் இரண்டாகப் பிரிந்து, ஆளுக்கு ஒரு நல்ல பொழுதைக் கழித்துவிட்டு, சிரமமில்லாமல் மறுபடி ஒரே இடத்தில் சேர முடியுமா? மலையே ஏறாத மாமியாருக்கும், ஏறியே தீருவேன் என்னும் மச்சானுக்கும் ஒரே நாள் நல்ல நாளாக அமைய வேண்டும். கார் பார்க்கிங்கில் மூன்று மணி நேரம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தவரிடம் போய், மேலே காட்சி எப்படி இருந்தது தெரியுமா என்று சொல்வது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

இந்தக் கேள்விக்கு கெஸிக் அளவுக்குப் பதில் சொல்லும் ஊர் பிரிட்டனில் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஊரிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் டெர்வென்ட்வாட்டர் ஏரி. அங்கிருந்து கிளம்பும் படகுகள் ஏரியைச் சுற்றிப் பல துறைகளில் நின்று நின்று போகும், இரண்டு திசையிலும். மலை ஏறுகிறவர்கள் எதிர்க்கரையில் ஹாஸ் எண்ட் துறையில் இறங்கிக்கொள்வார்கள், தலைக்கு மேலேயே கேட்பெல்ஸ் நிற்கும். 451 மீட்டர்தான், ஆனால் குழந்தைகள் படம் வரையச் சொன்னால் வரையும் மலை மாதிரியே முதுகும் கொண்டையுமாக இருக்கும். பெரியவர்கள் படகிலேயே ஒரு சுற்று வந்து, மறுபடி கெஸிக்கில் இறங்கி, ஃபிரையர்ஸ் கிராக் முனை வரை சமதளத்தில் நடந்து பெஞ்சில் உட்காரலாம். அந்த இடத்திலிருந்து ஏரி முழுவதும் தெரியும், எதிரே கேட்பெல்ஸ் முதுகில் எறும்பு வரிசையாகப் போகும் ஆட்களும் தெரிவார்கள்.

கேட்பெல்ஸைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்துகொண்டு போங்கள். வளைந்து வளைந்து ஏறியதும் முதலில் வரும் மேடு உச்சி இல்லை, அதற்குப் பின்னால்தான் உச்சி, அதற்குச் சற்று முன்பாக ஒரு பாறைப் பகுதி. அங்கே கையை ஊன்றித்தான் ஏற வேண்டும். வருடக்கணக்காகக் கால் பட்டுப் பட்டு அந்தப் பாறை வழவழவென்று ஆகிவிட்டது. பிள்ளைகளுக்கு அன்றைய நாளிலேயே மிகப் பிடித்த இடம் அதுவாகத்தான் இருக்கும், கூட வரும் அப்பாக்களுக்கு முட்டி கொஞ்சம் பேசும். ஏறும்போது அது ஒன்றும் பெரிய காரியமில்லை, மழை பெய்த பிறகு அதே பாறையில் இறங்குவதுதான் சிக்கல். அதனால் வடக்கிலிருந்து ஏறி, உச்சியைத் தாண்டித் தெற்கே போய், இடது கைப் பக்கம் ஏரியை நோக்கி இறங்கி, மரங்களுக்கு நடுவே ஹை பிராண்டல்ஹௌ துறைக்கு வந்து படகு பிடிப்பதுதான் நல்லது. அந்தக் காட்டுப் பகுதியை, இயற்கை இடங்களையும் பழைய கட்டடங்களையும் காக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்ட் 1902இலேயே வாங்கி எல்லோருக்கும் திறந்துவிட்டது, லேக் டிஸ்ட்ரிக்டில் அவர்கள் வாங்கிய முதல் இடம் அது. நேஸ்மித் கணக்குப்படி இந்த நடை இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், குடும்பத்தோடு மூன்று மணி நேரம், புளியோதரை டப்பாவை உச்சியில் திறந்தால் மூன்றரை.

கைக்குழந்தை தள்ளுவண்டியோடு வந்தாலும், சக்கர நாற்காலியில் இருப்பவர் வந்தாலும் கெஸிக் கைவிடாது. ஊருக்குப் பின்னால் இருக்கும் லாட்ரிக் 368 மீட்டர், அதன் பின்பக்கம் வரை கார் போகும், அங்கிருந்து மேலே போவதற்கு சக்கரம் உருளும்படி சரிவாகப் பாதை போட்டிருக்கிறார்கள். ஏரியும் ஊரும் சுற்றியுள்ள மலைகளும் காலடியில் கிடக்கும் அந்தக் காட்சி, கால் நன்றாக இருப்பவர்களுக்கு மட்டும் என்று இல்லாமல் போனதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

குறையும் உண்டு. கெஸிக்குக்கு ரயில் கிடையாது, பென்ரித்தில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். கோடை விடுமுறையில் தங்கும் அறை விலை ஏகத்துக்கு ஏறும். மழை வேறு: ஏரிக்குத் தெற்கே இருக்கும் சீத்வெயிட்தான் இங்கிலாந்தில் ஆட்கள் குடியிருக்கும் இடங்களிலேயே அதிக மழை பெய்யும் இடம் என்பார்கள். ஹாஸ் எண்ட் பக்கம் சாலை ஓரத்தில் காரை நிறுத்தப் போகாதீர்கள், குறுகலான சாலை, வார இறுதியில் எதிரே ஒரு பஸ் வந்தால் எல்லோருக்கும் தலைவலி. படகில் போனால் அந்தப் பிரச்சினையே இல்லை.

சரி, ஸ்னோடன். வேல்ஸ் மொழிப் பெயரில் அர் வித்வா, அது இருக்கும் தேசியப் பூங்கா எரரி, 2022இலிருந்து பூங்கா நிர்வாகமும் இந்தப் பெயர்களைத்தான் பயன்படுத்துகிறது. குடும்பத்தோடு போகிறவர்களை இழுப்பது லான்பெரிஸிலிருந்து உச்சிக்குப் போகும் ரயில், 1896இலிருந்து ஓடுகிறது. நாம் நடந்து ஏறுவோம், அம்மா அப்பா ரயிலில் வரட்டும், உச்சியில் சேர்ந்து போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்று எல்லோருமே திட்டம் போடுவார்கள். காகிதத்தில் இதைவிட நல்ல திட்டம் இல்லை. நடைமுறையில் பாருங்கள்: ரயில் உச்சியில் அரை மணி நேரம்தான் நிற்கும், போன ரயிலிலேயே திரும்ப வேண்டும். நடப்பவர்களுக்கு ஏறவே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும், பிள்ளைகளோடு என்றால் நான்குகூட ஆகலாம். இரண்டையும் அந்த அரை மணிக்குள் பொருத்துவது மிகக் கடினம். காற்று பலமாக இருந்தால் ரயில் உச்சிக்கே போகாது, பாதி வழியில் திருப்பிவிடுவார்கள். வசந்தகாலத் தொடக்கத்தில் பெரும்பாலும் கிளாகுயின் நிறுத்தம் வரைதான் சேவையே. களைத்துப் போன பிள்ளையை இறங்கும்போது ரயிலில் ஏற்றிவிடலாம் என்ற எண்ணமும் வேண்டாம், முன்பதிவு செய்தவர்களுக்கே இடம் சரியாக இருக்கும்.

அதற்காக ஸ்னோடனே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பெரியவர்கள் ரயிலில் ஒரு நாள் போகட்டும், நடப்பவர்கள் இன்னொரு நாள் போகட்டும், இரண்டும் தனித்தனியே அருமையான நாட்கள். லான்பெரிஸ் பாதை போகவர 14.5 கிலோமீட்டர், ஏற்றம் ஆயிரம் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. உச்சிக்குப் போகும் ஆறு பெரிய பாதைகளில் இதுதான் நீளமானது, சரிவும் இதில்தான் மென்மை. காலை எட்டு மணிக்கே கிளம்பினால் உச்சித் தூணுக்கு முன்னால் போட்டோவுக்கு நிற்கும் வரிசை நீள்வதற்குள் போய்விடலாம். உச்சி தேவையில்லை, மலைக்குள் இருக்கும் உணர்வு போதும் என்றால் பென் இ பாஸ் என்னும் கணவாயிலிருந்து மைனர்ஸ் பாதையில் லின் லிடாவ் ஏரி வரை மட்டும் போய்த் திரும்பலாம், பழைய செப்புச் சுரங்கத்துக்காகப் போட்ட அகலமான பாதை, சின்னப் பிள்ளைகள் பேசிக்கொண்டே நடப்பார்கள். அங்கே கார் பார்க்கிங்கை முன்பதிவு செய்யாமல் போகவே கூடாது, அல்லது கீழே நிறுத்திவிட்டு, ஸ்னோடனைச் சுற்றி ஓடும் ஷெர்பா பஸ்ஸில் ஏறிப் போங்கள். அதே கணவாயிலிருந்து போகும் கிரிப் கோக் விளிம்பைப் படத்தில் பார்த்துவிட்டு ஆசைப்படும் நண்பர் ஒருவர் எந்தக் குழுவிலும் இருப்பார். இரண்டு பக்கமும் அதல பாதாளம், பாறையேற்றப் பழக்கம் உள்ளவர்களுக்கான இடம், குடும்பத்தோடு வந்த அன்று அந்தப் பேச்சே வேண்டாம்.

எரரியில் எனக்கு மிகவும் பிடித்த குடும்ப நடை ஸ்னோடனிலேயே இல்லை, ஆக்வென் பள்ளத்தாக்கில் கும் இட்வல் ஏரியைச் சுற்றி வருவது. 1831இல் இளைஞரான சார்லஸ் டார்வின் இங்கே வந்து பாறைகளில் கடல்வாழ் உயிர்களின் படிவங்களைத் தேடினார். பனிப்பாறை உரசிய கோடுகளும் அது விட்டுப்போன பாறைக் குவியல்களும் கண்ணெதிரே கிடந்தும் அப்போது அவர் கவனிக்கவில்லை, 1842இல் திரும்ப வந்தபோதுதான் தெரிந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். பத்து வயதுப் பிள்ளையிடம் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, கீறல் விழுந்த பாறையைக் கண்டுபிடி பார்க்கலாம் என்று விட்டால் போதும், மூன்று மைல் முடிந்ததே தெரியாது.

ஈடேலுக்கு வருகிறேன். மான்செஸ்டரிலிருந்து முக்கால் மணி நேரம், ஷெஃபீல்டிலிருந்து அதைவிடக் குறைவு, ரயிலைவிட்டு இறங்கினால் நேராக மலை அடிவாரம். எதிரே நிற்பது கிண்டர் ஸ்கவுட், 636 மீட்டர். இதற்குக் கூரான உச்சி என்று எதுவும் இல்லை, மேலே கரிய சதுப்பு மண் மூடிய பரந்த மேட்டு நிலம், அதன் விளிம்பில் பாறைகள். நண்பர்களோடு போக இதைச் சொல்வதற்குக் காரணமே அதுதான். ஜேக்கப்ஸ் லேடர் படிகளில் மூச்சு வாங்க ஒரு தடவை ஏறிவிட்டால் அப்புறம் விளிம்போடு மைல் கணக்கில் கிட்டத்தட்ட சமமாக நடக்கலாம். பக்கத்தில் பக்கத்தில் நடந்து பேசலாம். செங்குத்தான பாதையில் ஒருவர் முதுகைப் பார்த்து ஒருவர் ஏறும்போது எவ்வளவு நெருங்கிய நண்பர்களும் பேச மாட்டார்கள். பல வருடம் கழித்துச் சந்திக்கும் கல்லூரி நண்பர்களுக்கு வேண்டியது உச்சி அல்ல, பேச நேரம். கிண்டர் டவுன்ஃபால் அருவியில் மேற்குக் காற்று பலமாக அடிக்கும் நாளில், முப்பது மீட்டர் விழ வேண்டிய தண்ணீர் பாதியில் திரும்பி மேல்நோக்கிப் பறந்து நம் முகத்தில் வந்து அடிக்கும். ரெயின்கோட் போட்டுக்கொண்டு அங்கே நிற்பது தனி சுகம்.

இந்த மலையில் நடக்கும்போது நான் மறக்காமல் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1932 ஏப்ரல் 24 அன்று, அப்போது பணக்காரர்களின் பறவை வேட்டைக்காக அடைத்து வைத்திருந்த இந்த மேட்டு நிலத்துக்குள் நூற்றுக்கணக்கான இளம் தொழிலாளிகள் வேண்டுமென்றே நுழைந்தார்கள். முன்னால் நின்ற பென்னி ராத்மனுக்கு வயது இருபது. காவலாளிகளோடு கைகலப்பு ஆகி, ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1949இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது, 1951இல் நாட்டின் முதல் தேசியப் பூங்காவாக பீக் டிஸ்ட்ரிக்ட் ஆனது, 2000இல் வந்த சட்டம் இப்படிப்பட்ட திறந்த மேட்டு நிலங்களில் காலால் நடக்கும் உரிமையை எல்லோருக்கும் கொடுத்தது. வேறு நாட்டிலிருந்து வந்து குடியேறிய நம் பிள்ளைகளும் யாரிடமும் அனுமதி கேட்காமல் இங்கே ஓடியாடுவதற்குப் பின்னால் அந்த இளைஞர்கள் பட்ட பாடும் இருக்கிறது, அதை அவர்களுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

குடும்பத்துக்கும் ஈடேல் பக்கம் வழி இருக்கிறது. மாம் டோர் 517 மீட்டர், மேலே இருக்கும் கார் பார்க்கிங்கிலிருந்து கல் பாவிய படிகளில் கால் மணி நேரத்தில் உச்சி. நடக்காதவர்கள் காசில்டன் ஊரில் குகை பார்க்கலாம். மண்சரிவால் 1979இல் மூடிய பழைய சாலை மலையடியில் உடைந்து மடங்கிக் கிடக்கிறது, வெள்ளைக் கோடு போட்ட தார் அடுக்கடுக்காகப் பிளந்து நிற்பதைப் பிள்ளைகள் விட்டு வர மாட்டார்கள். ஆனால் பெரியவர்களுக்கு ஒரு நாள் முழுக்க நிறைவாக ஓட்ட கெஸிக்கில் இருக்கும் ஏரியும் படகும் இங்கே இல்லை, அதனால்தான் இதற்கு இரண்டாம் இடம்.

பென் நெவிஸை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. ஏறி இறங்க ஏழெட்டு மணி நேரம், கோடையின் தொடக்கத்தில்கூட மேலே பனி கிடக்கலாம், கீழே பள்ளத்தாக்கில் ஜூன் முதல் மிட்ஜ் என்னும் பொடிக் கொசு பிய்த்து எடுக்கும். நன்றாக நடக்கும் நண்பர்கள் தனியாகத் திட்டம் போட்டுப் போக வேண்டிய மலை அது.

எங்கே போனாலும் பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்டினன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடம் ஒன்று பையில் இருக்கட்டும், கிண்டரில் மூடுபனி இறங்கினால் போன் திரையை நம்ப முடியாது. யாருக்காவது கால் பிசகினால் 999 அழைத்து போலீஸ், பிறகு மவுன்டன் ரெஸ்க்யூ என்று கேளுங்கள், வருபவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள், காசு கேட்க மாட்டார்கள். கிளம்பும் இடத்திலேயே எல்லோரையும் கழிப்பறைக்கு அனுப்பிவிடுங்கள், மேலே மறைவே கிடையாது. மே கடைசியும் ஜூனும் நல்ல காலம், கெஸிக்கில் ஜூன் மாதத்தில் இரவு ஒன்பதரை தாண்டியும் வெளிச்சம் இருக்கும், டிசம்பரில் நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும்.

கெஸிக் போகிறவர்கள் ஏறுவதற்கு முன்பே ஹை பிராண்டல்ஹௌவிலிருந்து கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று துறையில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், பருவத்துக்குப் பருவம் மாறும். அதைத் தவறவிட்டால் ஏரிக்கரைப் பாதையில் ஹாஸ் எண்ட் வரை வந்து, போர்டின்ஸ்கேல் வழியாக ஊருக்கு நடக்க வேண்டியதுதான், மலை ஏறிய காலுக்கு அது ஒன்றரை மணி நேரம்.