“1000 வாட்” செடி லைற்: வாங்க முதல் இதை வாசியுங்கள்

ஸ்காபரோ, மார்க்கம், பிரம்ப்டன் பக்கம் குளிர்காலத்தில் வீட்டுக்குள் கன்று வளர்க்கிறவர்களுக்காக எழுதுகிறேன். பெட்டியில் “1000 வாட்” என்று அடித்து, வெஜ் (இலை வளர), புளூம் (பூக்க) என்று இரண்டு சுவிட்ச் வைத்து, ஊதா நிறத்தில் எரிகிற செடி லைற்றை நம்பிக் காசு கொடுக்காதீர்கள். எனக்கு விற்ற லைற் இரண்டு சுவிட்சும் போட்ட நிலையில் இழுத்தது 108 வாட். வெஜ் மட்டும் போட்டால் 53. கடையின் பெயரை எழுதவில்லை. அதே லைற் வேறு வேறு பெயர் ஒட்டிய பெட்டிகளில் பல இடங்களில் விற்கிறது. ஒரு கடையைத் தவிர்த்தால் தப்பிவிடலாம் என்று யாரும் நினைக்கக் கூடாது.

எனக்கு லைற் இரண்டு தேவைகளுக்கு வேண்டியிருந்தது. இரவுக் குளிர் 10 பாகைக்குக் கீழே போகத் தொடங்கினால் கறிவேப்பிலைச் சாடிகளை உள்ளே எடுக்க வேண்டும். டிசம்பர் கடைசியில் ரொறன்ரோவில் பகல் 9 மணித்தியாலம் கூட இல்லை. யன்னலடியில் வைத்தாலும் இலை கொட்டும். அடுத்தது, மாசி, பங்குனியில் பேஸ்மென்டில் மிளகாய், தக்காளி விதை போட்டு, விக்டோரியா டே முடிய வெளியில் நடுகிற வேலை. இரண்டுக்கும் ஒரே லைற் போதும் என்று கடையில் நின்ற பெடியன் சொன்னான்.

“அக்கா, நாற்றுக்கு வெஜ்ஜை மட்டும் போடுங்கோ. பூக்கிற நேரம் புளூமையும் போடுங்கோ. 24 மணித்தியாலமும் எரியட்டும், கெதியா வளரும்.”

“தம்பி, உண்மையாவே ஆயிரம் வாட்டோ? கரண்ட் பில் என்னாகும்?”

“எல்ஈடி தானே அக்கா, பில் பெரிசா வராது. ரெண்டு வாங்கினா ஒரே பிளக்கிலயே கொளுவலாம்.”

இந்தப் பதில் பெட்டியில் அடித்த ஆயிரம் வாட்டோடு ஒத்துவராது. எங்கள் வீட்டுச் சாதாரண சேர்க்கிற் 15 அம்ப், 120 வோல்ற். மொத்தமே 1800 வாட்தான். உண்மையான ஆயிரம் வாட் லைற் இரண்டைக் கொளுவினால் பிரேக்கர் விழும். விழாது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது என்றால், ஆயிரம் வாட் இல்லை என்பதும் தெரிந்திருக்கிறது.

பிறகு இந்த 1000 எங்கிருந்து வருகிறது? லைற்றுக்குள்ளே 100 டயோட் (வெளிச்சம் விடுகிற சின்ன எல்ஈடி) இருக்கும். ஒவ்வொன்றும் “10 வாட் வகை” என்று சொல்லி, நூறைப் பத்தால் பெருக்கிப் பெட்டியில் போடுகிறார்கள். அந்த டயோட்களை அந்த அளவுக்கு ஓட்டினால் கருகிவிடும். ஓட்டுவது ஒரு வாட் அளவில்தான். வேறு சில பெட்டிகளில் “1000 வாட் சோடியம் விளக்குக்குச் சமம்” என்று சின்ன எழுத்தில் இருக்கும். அதுவும் பொய். அப்படி நூறு வாட்டில் சமப்படுத்த இன்றைக்கு எந்த எல்ஈடியாலும் முடியாது.

என் நாற்றுகளுக்கு நடந்ததைச் சொல்கிறேன். தாளில் எழுதியிருந்தபடி இரண்டடி உயரத்தில் தொங்கவிட்டு வெஜ் போட்டேன். மிளகாய் முளைத்து, இடியப்ப நூல் மாதிரித் தண்டோடு நெடுத்து, இரண்டாவது சோடி இலை வர முதலே சரிந்து விழுந்தது. வெஜ் சுவிட்சில் கூடுதலாக இருக்கிற நீல வெளிச்சம் கன்றைக் குட்டையாகத் திடமாக வைத்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் வெளிச்சத்தின் அளவே போதாவிட்டால் எந்த நிறமும் காப்பாற்றாது. கன்று வெளிச்சத்தைத் தேடி இழுபடும். தக்காளி இலைகள் மஞ்சளாகிப் புள்ளி விழுந்ததற்கு 24 மணித்தியால ஆலோசனைதான் காரணம். தக்காளிக்கு இருட்டு வேண்டும். ஓயாத வெளிச்சம் அதன் இலையைப் பழுதாக்கும் என்பது தோட்டக்கலைக்காரர்கள் நெடுங்காலமாக அறிந்த விஷயம்.

எல்லாவற்றிலும் மோசம் கறிவேப்பிலைக்கு நடந்தது. ஊதா வெளிச்சத்தில் பச்சை இலை கறுப்பாகத்தான் தெரியும். வெளிறியதோ, பழுத்ததோ, பூச்சி விழுந்ததோ கண்ணுக்குப் படாது. ஒரு நாள் சாடி கழுவவென்று குசினிக்குத் தூக்கி வந்தபோதுதான் பார்த்தேன்: இலை முழுக்க ஊசியால் குத்தினது போல வெள்ளைப் புள்ளி, அடிப்பக்கத்தில் மெல்லிய வலை. சிலந்திப்பேன். ஹீற்றர் போட்டுக் காய்ந்த வீட்டுக் காற்றில் அது மளமளவென்று பெருகும். வெள்ளை லைற்றாக இருந்தால் முதல் வாரத்திலேயே கண்டு, ஷவரில் இலையின் அடிப்பக்கத்தைக் கழுவியே அடக்கியிருக்கலாம். அம்மா ஊரில் இருந்து வந்த காலத்தில் வைத்த கன்று அது. பாதிக் கிளையை வெட்ட வேண்டி வந்தது.

இந்த வெஜ், புளூம் சுவிட்ச் எங்கள் கன்றுகளுக்கு என்று வந்ததே இல்லை. 2018 ஒக்ரோபர் 17 இல் கனடாவில் கஞ்சா சட்டபூர்வமானது. ஒன்ராறியோவில் ஒரு வீட்டில் நான்கு செடி வரை வளர்க்கலாம். கஞ்சா பெரும்பாலும் இரவு நீண்டால்தான் பூக்கும், செவ்வந்தி போல. அதை வளர்ப்பவர்கள் முதலில் 18 மணித்தியாலமும் பூக்க வைக்க 12 மணித்தியாலமும் வெளிச்சம் கொடுப்பார்கள். அந்தச் சந்தைக்கு அடித்த பெட்டியைத்தான் மிளகாய்க்கும் தக்காளிக்கும் என்று எங்களிடம் தள்ளுகிறார்கள். மிளகாயும் தக்காளியும் பகல் நீளம் பார்த்துப் பூப்பதில்லை. வயதும் வெளிச்சமும் சூடும் சரியென்றால் தாமாகப் பூக்கும். புளூம் சுவிட்ச் செய்ததெல்லாம் மற்றப் பாதி டயோட்டை எரிய விட்டதுதான்.

ஊதா நிறத்துக்குச் சொல்லும் காரணமும் பழையது. இலை நீலத்தையும் சிவப்பையும்தான் குடிக்கும், பச்சை வீண் என்பார்கள். 1972 இல் மெக்ரீ என்ற ஆய்வாளர் 22 வகைப் பயிர்களின் இலைகளை வைத்து ஒவ்வொரு நிறத்துக்கும் ஒளிச்சேர்க்கை எவ்வளவு என்று அளந்து வெளியிட்டார். பச்சையும் நன்றாகவே வேலை செய்கிறது. இன்றைக்கு நல்ல செடி லைற்றுகள் எல்லாம் வெள்ளை, கொஞ்சம் சிவப்பு சேர்த்து. 3000 முதல் 4000 கெல்வின் (வெள்ளையின் சாயலைச் சொல்கிற எண்) வெள்ளை ஒன்று நாற்றிலிருந்து காய் வரைக்கும் போதும். கட்டத்துக்குக் கட்டம் மாற்ற வேண்டியது பல்ப்பை இல்லை, உயரத்தையும் நேரத்தையும்.

கடையில் கேட்க வேண்டியது பிபிஎஃப்டி. குறித்த உயரத்தில், ஒரு சதுர மீற்றரில், ஒரு செக்கனுக்கு எத்தனை மைக்ரோமோல் (ஒளித் துகள்களை எண்ணுகிற அலகு) ஒளி விழுகிறது என்ற கணக்கு. நாற்றுக்கு 100 முதல் 250 போதும். இலையும் கிளையும் விடுகிற காலத்தில் 300 முதல் 500. பூத்துக் காய்க்கிற தக்காளி, மிளகாய்க்கு 500க்கு மேல். இதை எரியும் மணித்தியாலத்தால் பெருக்கி, அதை 0.0036 ஆல் பெருக்கினால் ஒரு நாள் மொத்த வெளிச்சம் வரும். 200 மைக்ரோமோலில் 16 மணித்தியாலம் என்றால் 11.5 மோல் (ஒரு மோல் என்பது பத்து லட்சம் மைக்ரோமோல்), நாற்றுக்குத் தாராளம். காய்க்கிற தக்காளி 20 முதல் 30 மோல் கேட்கும். உயரம் எழுதாமல் பிபிஎஃப்டி மட்டும் போட்டிருந்தால் அந்த எண்ணை நம்ப வேண்டாம்; லைற்றுக்கு அடியிலேயே ஒட்டிவைத்து அளந்தால் எவ்வளவும் காட்டலாம்.

இன்னொரு எண், ஒரு ஜூல் மின்சாரத்துக்கு (ஒரு வாட் ஒரு செக்கன் எரிந்தால் ஒரு ஜூல்) எத்தனை மைக்ரோமோல் என்பது. நல்ல லைற்றில் 2.5 அல்லது அதற்கு மேல். மலிந்த ஊதா லைற்றுகள் 1, 1.5 அளவில் நிற்கும். அதே கரண்டுக்குப் பாதி வெளிச்சம். உண்மையான 100 வாட், 2.5 என்றால் இரண்டடிக்கு இரண்டடி இடத்தில் மிளகாயைக் காய்க்க வைக்கலாம். டிஎல்சி என்ற அமைப்பு சோதித்த செடி லைற்றுகளின் பட்டியலை இணையத்தில் யாரும் பார்க்கலாம். நாற்றுக்கு மட்டும் என்றால் இதெல்லாம் கூடத் தேவையில்லை. கராஜுக்கு விற்கிற நான்கடி எல்ஈடி, 40 வாட் அளவு, 5000 கெல்வின். நாற்றுக்கு மேலே நான்கைந்து அங்குலத்தில் தொங்கவிட்டு, வளர வளர உயர்த்தினால் சரி. என் இரண்டாவது விதைப்பை அப்படித்தான் எடுத்தேன். தண்டு தடித்து நிமிர்ந்து நிற்கிறது.

வீட்டில் சோதிக்க, பிளக்கில் செருகும் வாட் மீற்றர் ஒன்று போதும். வெள்ளை லைற் என்றால் ஃபோனில் லக்ஸ் அளக்கும் செயலியை இலை உயரத்தில் பிடித்து, வருகிறதை 70 ஆல் பிரித்தால் பிபிஎஃப்டி கிட்டத்தட்ட வரும். 14,000 லக்ஸ் என்றால் சுமார் 200. ஊதா லைற்றுக்கு இந்தக் கணக்குச் சரிவராது.

அதோடு முத்திரையைப் பாருங்கள். ஒன்ராறியோவில் விற்கிற மின்பொருளில் சிஎஸ்ஏ, சியுஎல், சிஈடிஎல் போன்ற அங்கீகரித்த முத்திரை இருக்க வேண்டும். என் லைற்றில் இருந்தது சிஈ என்ற ஐரோப்பிய முத்திரை மட்டும். அது இங்கே செல்லாது. தண்ணீர் தெளிக்கிற இடத்தில், பேஸ்மென்டில், நாள் முழுக்க எரிகிற பொருள். என் லைற்றின் வயர் பிளக்கடியில் தொட முடியாத சூடு. அதைக் கண்டதும் கழற்றிவிட்டேன். வைத்திருப்பவர்கள் இன்றைக்கே தொட்டுப் பாருங்கள்.

மீற்றர் படத்தோடு கடைக்குப் போனேன். பெட்டி திறந்துவிட்டீர்கள், எடுக்க முடியாது என்றார் முதலாளி. 1000 என்பது “மொடல் நம்பர்” என்றார். பற்றுச்சீட்டில் அவர்களே “1000W LED” என்று அடித்திருக்கிறார்கள்! அதைக் காட்டினேன், வேறு ஆட்கள் வருகிறார்கள், பிறகு வாருங்கள் என்றார்.

ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2002 இன்படி, பொய்யான விவரம் சொல்லி விற்றால் வாங்கி ஒரு வருடத்துக்குள் எழுத்தில் அறிவித்து ஒப்பந்தத்தை ரத்துச் செய்யலாம். பெட்டி திறந்தது பற்றிக் கடை போட்ட விதி இதைத் தடுக்காது. நான் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன், பதில் இல்லை. அதனால் கிரடிட் கார்ட் நிறுவனத்திடம் பற்றுச்சீட்டு, பெட்டியின் படம், மீற்றர் படம், கடிதத்தின் பிரதி எல்லாம் கொடுத்து முறையிட்டிருக்கிறேன். முத்திரை இல்லாததை மின்பாதுகாப்பு அதிகாரசபைக்கும் அறிவித்தேன். காசாகக் கொடுத்து வாங்கினால் இந்த வழிகளில் ஒன்று அடைபட்டுவிடும். கார்டில் வாங்குங்கள், பற்றுச்சீட்டில் வாட் அளவை எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கிற கடையில் வாங்க வேண்டாம்.

இதே மாதிரி லைற் வாங்கி, பில்லும் பெட்டியும் இன்னும் வைத்திருப்பவர்கள் எனக்கு எழுதுங்கள். வாட் மீற்றர் இல்லாதவர்களுக்கு என்னுடையதைத் தருகிறேன், அளந்துவிட்டுத் திருப்பித் தந்தால் போதும்.