மலை ஏற எந்த கியர்? நான்கு மலிவுத் தொகுப்புகளும் ஒரு வகுத்தல் கணக்கும்

கோத்தகிரியில் எங்கள் தெருப் பையன் ஒருவன், 26 அங்குலச் சக்கரம் போடும் பழைய இரும்புச் சட்டம் ஒன்றைத் தேய்த்து வண்ணம் பூசி வைத்திருக்கிறான். "அண்ணா, 21 கியர் போடலாமா, 27 போடலாமா, இல்லை 9 போதுமா?" என்று கேட்டான். கியரின் எண்ணிக்கையை விட்டுவிடச் சொன்னேன். இங்கே கேட்க வேண்டியது ஒன்றுதான்: இருப்பதிலேயே இலகுவான கியரில் பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி எத்தனை மீட்டர் நகரும்? எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை 12.5 அடிக்கு ஓர் அடி ஏறுவதற்கு, ரயில் எஞ்சினுக்கே தண்டவாளத்தின் நடுவில் பல் வைத்துக் கொடுத்த மலை இது. நம் முழங்காலுக்கு மட்டும் என்ன விதிவிலக்கு?

கணக்கு எளிது. பெடலோடு சுற்றும் முன் பற்சக்கரத்தின் பற்களை, பின்சக்கரத்து அச்சில் இருக்கும் பற்சக்கரத்தின் பற்களால் வகுத்து, டயரின் சுற்றளவால் பெருக்க வேண்டும். அவன் டயருக்குச் சுற்றளவு ஏறக்குறைய 2.05 மீட்டர்.

முதலில் ஷிமானோ நிறுவனத்தின் டூர்னி. முன்னால் மூன்று பற்சக்கரம், பின்னால் ஏழு. முன்னால் 42, 34, 24 பற்கள். பின்னால் வழக்கமாக வரும் ஃப்ரீவீல், அதாவது சக்கரத்தில் திருகிப் பூட்டும் பற்சக்கரக் கட்டு, 14 முதல் 28 பல் வரை. 24-ஐ 28-ஆல் வகுத்தால் ஒரு சுற்றுக்கு 1.76 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தாலும் மணிக்கு 6.3 கிலோமீட்டரில் போயாக வேண்டும். கொண்டை ஊசி வளைவில் அந்த வேகம் என்னிடம் இல்லை; கால் திணறி, எழுந்து நின்று மிதிக்க வேண்டிவரும். ஃப்ரீவீலை மட்டும் 34 பல் உள்ளதாக மாற்றினால் 1.45 மீட்டராக இறங்கிவிடும். காசுக்கேற்ற பலன் என்று பார்த்தால் இதைவிட நல்ல மாற்றம் கிடையாது.

ஆனால் திருகிப் பூட்டும் ஃப்ரீவீலில் எனக்கு ஒரு பழைய பகை உண்டு. குஞ்சப்பனைக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தபோது பிரேக் கட்டை உரசுகிற சத்தம் கேட்டது. இறங்கிக் குனிந்து பார்த்தால், பின்சக்கரம் சட்டத்துக்குள் ஒருபக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. அச்சு ஃப்ரீவீலின் உட்பக்கத்தில் இரண்டாக முறிந்திருந்தது. அச்சின் துளைக்குள் ஓடும் விரைவுப் பூட்டின் கம்பிதான் இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது. காரணம் அமைப்பிலேயே இருக்கிறது. ஃப்ரீவீல் பூட்டும் ஹப்பில், அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தில், வலப்பக்கத்து பேரிங் பற்சக்கரங்களுக்கு உட்புறமாக அமர்ந்திருக்கும். அதற்கு வெளியே அச்சு தாங்குவாரின்றி நீண்டு நிற்கும். திருகாமல் செருகிப் பூட்டும் பற்சக்கரக் கட்டுக்கு கேசட் என்று பெயர்; அதைப் பூட்டும் ஃப்ரீஹப் என்ற நடுக்குடத்தில் அந்த பேரிங் வெளிக்கோடி வரை வந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, மிதிக்க மிதிக்க ஃப்ரீவீல் இறுகிக்கொண்டே போகும். ஒரு வருடம் மலை ஏறியதைக் கழற்ற வைஸும் இரண்டு ஆட்களும் தேவைப்பட்டார்கள். எனவே மற்ற எதில் மிச்சம் பிடித்தாலும் பின்சக்கரத்துக்கு ஃப்ரீஹப் வாங்கிவிடு என்றேன்.

ஃப்ரீஹப் வந்துவிட்டால் மூன்று வழி திறக்கிறது. மூன்றும் பின்னால் 9 வேகம், அதாவது ஒன்பது பற்சக்கரம்.

ஷிமானோ ஆல்டஸ், முன்னால் 40, 30, 22. கேசட் 11 முதல் 34 வரை. 22-ஐ 34-ஆல் வகுத்தால் 1.33 மீட்டர், 60 சுற்றுக்கு மணிக்கு 4.8 கிலோமீட்டர். நடப்பவர் பக்கத்தில் பேசிக்கொண்டே வரலாம். முன்பக்க ஷிஃப்டர், அதாவது கியர் மாற்றும் கைப்பிடி, பழைய பாணி என்று இளையவர்கள் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும், நான்கில் இலகுவான கியர் இதனிடம்தான் இருக்கிறது.

மைக்ரோஷிஃப்ட் அட்வென்ட், தைவான் சரக்கு. முன்னால் ஒரே பற்சக்கரம், பின்னால் 11 முதல் 42 வரை. முன்னால் 32 போட்டால் 1.56 மீட்டர், 30 போட்டால் 1.46. செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் டிரெய்லியரில், செயினை இறுக்கிப் பிடிக்கும் கிளட்ச் இருப்பதால், தேயிலைத் தோட்டத்துக் கல்பாதையில் இறங்கும்போது செயின் சட்டத்தில் அடித்து அலறுவதில்லை. தோட்டப் பாதையே கதி என்று கிடப்பவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். குறை ஒன்று: இதன் டிரெய்லியர் இதன் ஷிஃப்டருடன் மட்டுமே பேசும்.

ஷிமானோ கியூஸ் 2023-இல் வந்தது. 9 வேகத்தில் 11 முதல் 46 வரை கேசட் உண்டு. முன்னால் 32 போட்டால் 1.43 மீட்டர். பற்கள் தடிமனானவை, தேய்மானம் குறைவு. ஆனால் பழைய ஷிமானோ பாகங்களோடு ஒட்டாது. 9 வேகத்துக்கும் 11 வேகச் செயின் கேட்கும். புது வண்டியோடு வந்தால் மகிழ்ச்சி. உதிரியாகச் சேர்த்துக் கட்டுபவனுக்கு இப்போதைக்கு வேண்டாம்.

நான் ஆல்டஸ் பக்கம் சாய்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஷிமானோவின் பழைய 7, 8, 9 வேக மலைவண்டிப் பின் டிரெய்லியர்கள் எல்லாம் ஒரே கேபிள் இழுப்பில் இயங்குபவை; கேபிளை ஒரே அளவு இழுத்தால் எல்லாம் ஒரே அளவு நகரும். பஸ் கூரையில் ஏற்றும்போது டிரெய்லியர் நசுங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மேட்டுப்பாளையத்தில் ஏதாவது ஒரு கடையில் தூசி படிந்து தொங்கும் நீளக்கை டூர்னி டிரெய்லியரை வாங்கி மாட்டினால், அந்த 9 வேக ஷிஃப்டருக்கே அது கட்டுப்படும். மற்ற இரண்டிலும் சரியான பாகம் கூரியரில் வரும்வரை வண்டி திண்ணையில்தான்.

பையன் ஃப்ரீஹப் சக்கரத்துக்குச் சொல்லிவைத்துவிட்டான். கேபிளுக்கு உறை மட்டும் துண்டு துண்டாக இல்லாமல் ஷிஃப்டரிலிருந்து டிரெய்லியர் வரை ஒரே நீளமாகப் போடச் சொல்லியிருக்கிறேன். ஐப்பசி மழையும் அதற்குப் பின் வரும் பனிமூட்டமும் இடைவெளி இருக்கும் இடத்தில்தான் உள்ளே புகும்.