காங்கயம்: மாட்டைப் பார்த்த கையோடு வேலியையும் பாருங்கள்

காங்கயம் போவதென்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே இருக்கும்படி போங்கள். மற்ற கிழமைகளில் அது அரிசி ஆலை, தேங்காய்ப் பருப்பு காயும் களம், எண்ணெய் மில் என்று கொங்குநாட்டின் இன்னொரு சுறுசுறுப்பான ஊர், அவ்வளவுதான். ஊர்ப்பெயரைச் சுமக்கிற மாட்டை பஸ் ஸ்டாண்டில் நின்று தேடினால் கிடைக்காது.

வியாசர்பாடியிலிருந்து போகிறவர்களுக்கு வழி சுலபம். சென்ட்ரலில் சேரன் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியுமுன் ஈரோடு. அங்கிருந்து அரச்சலூர் வழியாகக் காங்கயம் போகும் சாலையில் நத்தக்காடையூர் வரும். அதற்குப் பக்கத்தில் பழையகோட்டை. ஞாயிறுதோறும் மாட்டுத்தாவணி, அதாவது மாட்டுச் சந்தை, கூடுவது அங்கேதான். நாங்கள் பேசிய வாடகைக் கார் ஓட்டுநருக்கு எங்கள் திட்டம் பிடிக்கவே இல்லை. "மெட்ராசிலிருந்து வந்து மாடுங்களா பார்ப்பாங்க? ஊட்டி போலாங்க" என்று பாதி வழி வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

என்னோடு வந்தது நைனா, என் அப்பா. இந்தப் பயணமே அவருக்காகத்தான். சந்தை 1996-இல் கோயம்பேட்டுக்குப் போகும்வரை கொத்தவால்சாவடியில் மூட்டை ஏற்றி வால்டாக்ஸ் ரோடு, மின்ட் பக்கமெல்லாம் மாட்டு வண்டி ஓட்டியவர். அவருடைய கடைசி ஜோடி காங்கயம். தரகர் வழியாக வாங்கியது. அவை எந்த ஊரில் பிறந்தன, எந்தக் காட்டில் மேய்ந்தன என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் மாதவரம் பால்பண்ணைப் பக்கம் கலப்பின மாட்டைப் பார்த்துப் பழகிய கண்தான். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் நின்றபோது எங்கள் பதாகையிலும் ஒரு காங்கயம் காளை இருந்தது. திமிலைப் பார்த்துக் கத்தினோமே தவிர, அது எதைத் தின்று வளர்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

தாவணியில் முழுக்கக் காங்கயம் மாடுகள். அவற்றின் நிறம் மாறுவதை நேரில் பார்த்தால்தான் புரியும். கன்று பிறக்கும்போது செம்பழுப்பு, ஆறு மாதத்தை ஒட்டி அந்த நிறம் மாறிச் சாம்பல் ஏறுகிறது. காளை வளர வளர தலையும் கழுத்தும் திமிலும் கறுத்துக்கொண்டே போகின்றன. ஒரே குடும்பத்துக் கன்றும் பசுவும் காளையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் மூன்று வேறு இனம் என்றே நினைப்போம். மயிலை, செவலை, காரி என்று அவர்கள் நிறத்தைச் சொல்லியே கூப்பிடுகிறார்கள்.

நைனா உள்ளே போனதும் ஆளே மாறிவிட்டார். நேராக ஒரு காளையின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார், பிறகு முதுகில் சுழி தேடினார். மாட்டுக்காரப் பெரியவர் இவரை வியாபாரி என்றே முடிவு செய்துவிட்டார்.

"ஏனுங்க, நாலு பல்லுங்க. வண்டிக்கும் ஆகும், ரேக்ளாவுக்கும் ஆகும்" என்றார்.

"வாங்க வர்லபா, சும்மா பாக்க வந்தேன். வூட்டாண்ட கட்ட எடம் இல்ல" என்றார் நைனா.

பெரியவர் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "அப்பாவுக்குப் பழக்கம் இருக்குதுங்க அம்மணி" என்றார். நைனாவுக்கு ஆச்சரியம் விலை பேசும் முறையில்தான். அவர் காலத்தில் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்துத்தான் பேசுவார்களாம். நாங்கள் நின்ற இடத்தில் வாய்விட்டே பேசினார்கள். மூக்கணாங்கயிறும் சலங்கையும் விற்கும் கடைகளில் கொஞ்சம் நேரம் போகும். சலங்கை ஒன்று வாங்கினோம், எதற்கென்று கேட்காதீர்கள்.

இந்த இனத்தை இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்ததில் பழையகோட்டையின் பரம்பரைத் தலைவரான பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியாருக்குப் பெரிய பங்கு உண்டு. தம் பண்ணையில் நல்ல காளைகளைப் பொறுக்கி வைத்து இனம் பெருக்கியவர். அப்போது கிணற்றில் கவலை கட்டித் தண்ணீர் இறைக்க, உழ, பாரம் இழுக்க எல்லாவற்றுக்கும் இந்தக் காளைதான். பம்புசெட்டும் டிராக்டரும் லாரியும் வந்ததும் அதன் வேலை போயிற்று. பசுவும் நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர்தான் கறக்கும். "பாலுக்குன்னு வெச்சா கட்டாதுங்க, மாட்டு மேல ஆசை இருந்தாத்தான்" என்றார் அந்தப் பெரியவர்.

பெரும்பாலானோர் தாவணியில் படமெடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு பார்த்த கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலம்தான். இந்த ஊரில் பார்க்க வேண்டியதில் முதலிடம் அதற்கே, ஆனால் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட ஆள் கிடையாது. சாலையோரத்தில் முள்வேலிக்குள் வெறும் தரிசு மாதிரி கிடக்கும். காரை நிறுத்தச் சொல்லிப் பாருங்கள். வேலி உயிர்வேலி, முள்கிளுவை. உள்ளே தரையில் கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் பூமி இது. மழை குறைவு, அதற்கு ஏற்ற புல். ஒரு மழை பெய்தால் போதும், புல் தழைக்கும். புல் காய்ந்த காலத்தில் வெள்வேலங்காய் உதிர்ந்து தீனியாகும். வேலி நெருக்கமாக இருப்பதால் மேய்க்க ஆள் வேண்டாம், மாடு தன்பாட்டுக்கு மேயும். இத்தனையையும் விதை நட்டு, கிளுவைப் போத்து ஊன்றி மனிதர்களே உண்டாக்கியிருக்கிறார்கள். கொறங்காட்டை மனையாகப் பிரித்தால் மாடும் போய்விடும் என்று அங்கே நிற்கும்போது தெரிந்தது. சில இடங்களில் வேலிக்கு உள்ளேயே மனைக்கல் நட்டிருந்தார்கள்.

விளக்கமாகக் கேட்க வேண்டுமென்றால் குட்டப்பாளையத்தில் சேனாபதி காங்கயம் கால்நடை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போவதுதான் முறை.

வரலாறு பிடித்தவர்கள் அரச்சலூருக்குப் பக்கத்தில் ஓடாநிலையில் தீரன் சின்னமலை மணிமண்டபத்தைப் பார்க்கலாம். காங்கயத்துக்கு அருகே மேலப்பாளையத்தில் 1756-இல் பிறந்து, வெள்ளையரை எதிர்த்துப் போரிட்டு, 1805-இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டவர். அவரும் சர்க்கரை மன்றாடியார் வம்சம்தான் என்று தெரிந்துகொண்டு போனால் பழையகோட்டையும் ஓடாநிலையும் ஒரே கதையாகிவிடும். திருப்பூர் சாலையில் படியூர் வரும். ரோமாபுரிக்குப் போன பச்சை நீலக் கல் தோண்டிய ஊர். கண்ணுக்குத் தெரிவதாக எதுவும் இல்லை, கடந்து போகும்போது நினைத்துக்கொள்ளலாம்.

சிவன்மலை முருகனை விட்டுவிடாதீர்கள். மலை மேலேயே வண்டி போகிறது. அங்கே ஆண்டவன் உத்தரவுப் பெட்டி என்று ஒரு கண்ணாடிப் பெட்டி. பக்தர் கனவில் வந்த பொருளை, சுவாமியிடம் பூக்கேட்டு உத்தரவு கிடைத்தால் அதில் வைப்பார்கள். தண்ணீர் வைத்தபோதுதான் சுனாமி வந்தது என்று சொல்கிறார்கள். காசிமேட்டில் 2004-இல் நடந்ததைப் பார்த்த எனக்கு அந்தக் கதையில் மனம் ஒட்டவில்லை. நைனா மட்டும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சாப்பாடு பரவாயில்லை. அரிசிம்பருப்புச் சாதம் நெய் விட்டுச் சூடாகக் கிடைத்தால் விடாதீர்கள். வடசென்னையில் கிடைக்கும் பர்மா உணவான அத்தோவும் பேஜோவும் தின்று வளர்ந்த நாக்குக்குக் காரம் கொஞ்சம் குறைவாகத் தெரியும், இரண்டாவது கவளத்தில் சரியாகிவிடும். தங்கிய விடுதியைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. வெந்நீர் உண்டு என்றார்கள், பக்கெட்டில் வந்தது பச்சைத் தண்ணீர். ஒரே நாளில் பார்த்துவிட்டு இரவு வண்டிக்கு ஈரோடு திரும்புவது மேல்.

வயதானவர்களோடு போனால் குடை, தண்ணீர், மடக்கு நாற்காலி எடுத்துப் போங்கள். வெயில் ஏறிய பிறகு தாவணியில் நிற்பது கஷ்டம். குழந்தைகளைக் காளைக்குப் பின்பக்கம் விடாதீர்கள், காங்கயத்துக்குக் கோபம் சீக்கிரம் வரும். ஞாயிறு இரவு சென்னைக்கு வரும் ரயில்களில் இடம் கிடைப்பது அரிது, போகிற டிக்கெட் போடும்போதே திரும்பும் டிக்கெட்டையும் போட்டுவிடுங்கள்.