கோடு போட்டு அடித்த விலையை நம்பிப் பணத்தை விடாதீர்கள்

பெரிய எழுத்தில் "60% தள்ளுபடி". அதன் கீழே கோடு போட்டு அடித்த ஒரு விலை. பக்கத்தில் நீங்கள் கொடுக்க வேண்டிய விலை. இந்த மூன்றில் உறுதியாக நம்பக்கூடியது கடைசி ஒன்றுதான். மற்ற இரண்டும் விற்பவர் தாமாகச் சொல்லிக்கொள்வது. அடித்த விலையை ஏற்றி எழுத அவருக்கு ஒரு காசு செலவில்லை. ஏற்ற ஏற்றத் தள்ளுபடி சதவீதமும் தானாக ஏறும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வழக்கமாக 1,000க்கு விற்கும் பொருளின் மேல் 1,400 என்று எழுதி 30% குறைத்தால் 980 வரும். உண்மையில் விலை 2% மட்டுமே குறைந்திருக்கிறது. 1,667 என்று எழுதி 40% குறைத்தால் பழைய 1,000தான். 50% வேண்டுமென்றால் 2,000 என்று எழுதினால் வேலை முடிந்தது. இதைவிட மோசமான வகையும் உண்டு. சலுகைக்குச் சில வாரம் முன்பே விலையை மெல்ல 1,250 வரை ஏற்றிவிட்டு, சலுகை நாளில் "15% குறைப்பு" என்று 1,062க்குக் கொடுப்பார்கள். வாங்குபவர் வழக்கமான விலையைவிட 6% கூடுதலாகக் கட்டிவிட்டு, லாபம் என்று நினைத்துக்கொண்டு போகிறார்.

பொய் என்று தெரிந்தும் அந்த எண் நம்மை ஏன் அசைக்கிறது? 1974இல் உளவியலாளர்கள் ட்வெர்ஸ்கியும் கானமனும் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், 10 அல்லது 65இல் மட்டும் நிற்கும்படி செய்துவைத்த ஒரு சக்கரத்தைச் சுற்றவிட்டு, அதன் பிறகு ஐ.நா. உறுப்பு நாடுகளில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று மதிப்பிடச் சொன்னார்கள். சக்கரத்தில் 10 பார்த்தவர்களின் இடைநிலை மதிப்பீடு 25. 65 பார்த்தவர்களுடையது 45. கேள்விக்குத் தொடர்பே இல்லாத எண் இந்த அளவுக்கு இழுக்குமென்றால், பொருளின் பக்கத்திலேயே ஒட்டிய எண் எவ்வளவு இழுக்கும்? அதனால் அதைப் பார்த்துவிட்டு எச்சரிக்கையாக இருப்பதைவிட, பார்ப்பதற்கு முன்பே "இந்தப் பொருளுக்கு இவ்வளவுதான் கொடுப்பேன்" என்று ஒரு தொகையை எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

சட்டங்களும் இந்த அடித்த விலையைத்தான் குறிவைக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே 28 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, விலைக் குறைப்பு என்று அறிவித்தால் முந்தைய 30 நாட்களில் இருந்த மிகக் குறைந்த விலையைக் காட்ட வேண்டும். சில கடைகள் அந்த விலையைச் சிறிய எழுத்தில் ஓரமாகப் போட்டுவிட்டு, சதவீதத்தை மட்டும் வேறொரு உயர்ந்த விலையிலிருந்து கணக்கிட்டு வந்தன. சதவீதத்தையும் அந்த 30 நாள் குறைந்த விலையிலிருந்தே கணக்கிட வேண்டும் என்று 2024 செப்டம்பர் 26 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் வழிகாட்டுதலும், "முந்தைய விலை" என்று சொல்வது ஓரளவு நீண்ட காலம் உண்மையாகவே மக்களுக்கு விற்பனைக்கு வைத்த விலையாக இருக்க வேண்டும் என்கிறது. இவை உங்கள் நாட்டுச் சட்டமாக இல்லாவிட்டாலும் அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம். கடந்த 30 நாளில் இந்தப் பொருளின் விலை எவ்வளவு வரை இறங்கியது? அந்த எண் கிடைத்துவிட்டால் விளம்பரத்தில் எழுதியிருக்கும் சதவீதத்தைப் படிக்கவே தேவையில்லை.

கண்டுபிடிக்கும் வழி இது. முதலில் பொருளின் முழு மாடல் எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். பெயர் மட்டும் போதாது. அமேசான் தளமென்றால் கீப்பா, கேமல்கேமல்கேமல் போன்ற விலை வரலாற்றுக் கருவிகளில் அந்தப் பக்கத்தின் இணைப்பைப் போட்டால் மாதக்கணக்கான விலை ஏற்ற இறக்கம் கோடாக வரும். அந்தக் கோட்டில் மூன்றைப் பாருங்கள்: கடந்த ஒரு வருடத்தில் மிகக் குறைந்த விலை எது, அதிக நாள் நிலைத்திருந்த விலை எது, சலுகைக்குச் சற்று முன் திடீரென்று ஒரு மேடு தெரிகிறதா. தளமே நேரடியாக விற்கும் விலையும் மூன்றாம் தரப்பு விற்பனையாளரின் விலையும் தனித்தனிக் கோடுகளாக இருக்கும், குழப்பிக்கொள்ளாதீர்கள். இப்படிக் கருவி இல்லாத கடையென்றால், வாங்க நினைத்த நாளிலிருந்தே விலை தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள், தேதி பதிவாகிவிடும். கடைசியாக, அதே மாடல் எண்ணை வேறு மூன்று நான்கு கடைகளில் தேடுங்கள். எல்லா இடத்திலும் 1,000 சுற்றியே விற்கிறது, ஒரே இடத்தில் மட்டும் "2,500லிருந்து 1,000" என்றால், அந்த 2,500 ஒரு கற்பனை எண்.

மாடல் எண் ஏன் முக்கியம் என்று விளக்கியாக வேண்டும், ஏனென்றால் கைதேர்ந்த வாங்குபவர்கள்கூட விழும் இடம் இதுதான். சலுகைக் காலத்துக்கென்றே தயாரிக்கும் மலிவு வடிவங்கள் உண்டு. வெளித்தோற்றம், தொடர் பெயர், விளம்பரப் படம் எல்லாம் நல்ல மாடலைப் போலவே இருக்கும். எண்ணின் கடைசியில் ஓர் எழுத்து மட்டும் மாறும். டி.வி. என்றால் 120 ஹெர்ட்ஸ் திரைக்குப் பதில் 60 ஹெர்ட்ஸ், நான்கு எச்.டி.எம்.ஐ. துளைக்குப் பதில் இரண்டு. மடிக்கணினி என்றால் எஸ்.எஸ்.டி.க்குப் பதில் வேகம் குறைந்த இ.எம்.எம்.சி. சேமிப்பகம், ஐ.பி.எஸ். திரைக்குப் பதில் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் மங்கும் டி.என். திரை, பின்னால் மாற்ற முடியாதபடி பலகையில் பற்றவைத்த 8 ஜி.பி. நினைவகம். அடித்த விலை நல்ல மாடலுடையது, கைக்கு வருவது மலிவு மாடல். தயாரிப்பாளரின் சொந்தத் தளத்தில் அந்த எண்ணைத் தேடி விவரப் பட்டியலை வரிக்கு வரி ஒப்பிடுங்கள். தயாரிப்பாளர் தளத்திலேயே அப்படி ஓர் எண் இல்லையென்றால் விட்டுவிடலாம். தொழிற்சாலைக் கழிவுவிலைக் கடைகளில் தொங்கும் ஆடைகளுக்கும் இது பொருந்தும். அவற்றில் பல, முதன்மைக் கடையில் ஒருநாளும் தொங்கியதில்லை. அந்த மலிவுக் கடைக்கென்றே மெல்லிய துணியில் தைத்து, "முந்தைய விலை" என்று ஓர் அட்டையும் சேர்த்துக் கட்டியவை.

சதவீதக் கணக்கில் நடக்கும் ஏமாற்றுகளைச் சீக்கிரமாகச் சொல்லிவிடலாம். "50% + 20%" என்பது 70% அல்ல, 60%. இரண்டாவது குறைப்பு மீதித் தொகையின் மேல்தான் விழும். "இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" என்பது 33%. "ஒன்று வாங்கினால் இரண்டாவது பாதி விலை" என்பது வெறும் 25%, அதுவும் இரண்டும் தேவைப்பட்டால் மட்டும். "25% கூடுதல் அளவு" என்பது விலையில் 20% குறைப்புக்குச் சமம். "80% வரை" என்றால் ஒரே ஒரு பொருளுக்கு 80% கொடுத்திருந்தாலும் போதும். கூப்பனில் "40% தள்ளுபடி, அதிகபட்சம் 150" என்றிருந்தால் 3,000க்கு வாங்குபவருக்குக் கிடைப்பது 5%. பெரிய எழுத்தில் சதவீதமும் சிறிய எழுத்தில் உச்சவரம்பும் இருந்தால் உச்சவரம்பை மட்டும் படியுங்கள்.

அளவைக் குறைத்துவிட்டு விலையை அப்படியே வைப்பது இன்னொன்று. 500 கிராம் பொட்டலம் 430 கிராமாகி விலை மாறாமல் இருந்தால், விலை 16% ஏறிவிட்டது என்று பொருள். பெரிய பொட்டலம் எப்போதும் மலிவு என்ற நம்பிக்கையையும் கடைகள் பயன்படுத்திக்கொள்கின்றன. "குடும்பப் பொதி" என்று எழுதியதில் ஒரு கிராமின் விலை கூடுதலாக வருவதும் உண்டு. விலையைக் கிராமால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள், 100 கிராமின் விலை வந்துவிடும். இந்த ஒரு வகுத்தலைச் செய்யாமல் மொத்தமாக எதையும் வாங்காதீர்கள்.

கேஷ்பேக் என்பது தள்ளுபடியே அல்ல, அடுத்த முறையும் அங்கேயே வாங்க வைக்கும் ஏற்பாடு. எப்போது வரும், பணமாகவா புள்ளியாகவா, எத்தனை நாளில் காலாவதி, பயன்படுத்த எவ்வளவுக்கு வாங்க வேண்டும் என்ற நான்குக்கும் பதில் தெரியாவிட்டால் அதன் மதிப்பைச் சுழியமாக வைத்தே விலையை ஒப்பிடுங்கள். "வட்டியில்லாத் தவணை" அறிவித்திருக்கும் இடத்தில், மொத்தமாகக் கட்டினால் என்ன விலை என்று கேளுங்கள். பல நேரம் ரொக்கத்துக்குக் கிடைக்கும் குறைப்பைத் தவணைக்காரருக்குக் கொடுக்க மாட்டார்கள். அந்த வித்தியாசமே வட்டி. செயலாக்கக் கட்டணம் தனி.

அவசரப்படுத்தும் கடிகாரத்தைச் சோதிப்பது எளிது. அதே பக்கத்தை உலாவியின் இன்காக்னிட்டோ (தனிப்பட்ட) சாளரத்தில் திறங்கள். கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கினால் அது பொய்க் கடிகாரம். "இன்னும் 2 மட்டுமே" என்று காட்டும் பொருளை 10 என்று கார்ட்டில் போட்டுப் பாருங்கள். ஏற்றுக்கொண்டால் அதுவும் பொய். கட்டணம் செலுத்தும் பக்கம் வரை போய், டெலிவரி, பேக்கிங், "பாதுகாப்புத் திட்டம்" எல்லாம் சேர்ந்த கடைசித் தொகையைப் பார்த்த பிறகே மற்ற கடையோடு ஒப்பிடுங்கள். கேட்காமலே டிக் போட்டு வைத்த பெட்டிகளை எடுத்துவிடுங்கள். இந்தியாவில் 2023 நவம்பர் 30 அன்று அறிவித்த வழிகாட்டுதல்கள், பொய்யான அவசரம், கூடையில் நைசாகச் சேர்ப்பது, கட்டணத்தைக் கடைசியில் சொட்டுச் சொட்டாகக் கூட்டுவது உள்ளிட்ட 13 தந்திரங்களைப் பெயர் சொல்லித் தடுக்கின்றன.

விமர்சனங்களின் எண்ணிக்கையும் சான்றாகாது. வேறொரு பொருளுக்கு வந்த நட்சத்திரங்களைப் புதிய பொருளின் பக்கத்தோடு இணைத்துவிடுகிறார்கள். இதற்காக அமெரிக்க ஆணையம் 2023இல் ஒரு நிறுவனத்திடம் 6 லட்சம் டாலர் வசூலித்தது. பழைய விமர்சனங்களைத் திறந்து, அவை இதே பொருளைப் பற்றிப் பேசுகின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தால் பொருளையே சந்தேகியுங்கள். 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்கில் சுமார் 74 வாட்-மணி ஆற்றல் இருக்க வேண்டும். இவற்றில் பரவலாக இருக்கும் 18650 என்ற உருளை வடிவ லித்தியம் செல் ஒன்று சுமார் 45 கிராம் எடை, கொள்ளளவு அதிகம் போனால் 3,500 எம்.ஏ.எச். சுற்றி. ஆறு செல்லாவது வேண்டும், கூட்டையும் சேர்த்தால் 300 கிராம் சுற்றி வரும். 150 கிராமில் "20,000" என்று எழுதியிருந்தால் எழுத்து மட்டும்தான் 20,000. மெமரி கார்டு, பென் டிரைவ் வாங்கினால் எஃப்3 அல்லது எச்2டெஸ்ட்டபிள்யூ மென்பொருளால் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துச் சோதியுங்கள். போலியில் 32 ஜி.பி. சில்லு, 512 என்று பொய்யாகக் காட்டும். நிரம்பிய பிறகு வரும் கோப்புகள் அழியும். இந்தச் சோதனையைத் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் செய்தாக வேண்டும்.

கடையே போலியாக இருப்பது எல்லாவற்றிலும் மோசம். "கடையை மூடுகிறோம், எல்லாம் 80% குறைவு" என்ற விளம்பரம், எல்லா அளவிலும் எல்லா நிறத்திலும் சரக்கு, தொடர்புக்கு ஒரு படிவம் மட்டும். டொமைன் (இணைய முகவரி) பதிவுத் தேடலில் அந்தத் தளத்தின் பெயரைப் போட்டால் பதிவு செய்த தேதி வரும். "பல ஆண்டு பாரம்பரியம்" என்று சொல்லும் கடையின் டொமைன் ஆறு வாரத்துக்கு முன் பிறந்திருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். படத்தைப் படத்தேடலில் போட்டால் எங்கிருந்து திருடியது என்று தெரிந்துவிடும். முகவரிப் பட்டையில் தெரியும் பூட்டுச் சின்னம் கடைக்காரர் நேர்மையானவர் என்று சொல்லாது. அந்தச் சின்னத்துக்கான சான்றிதழ் யாருக்கும் இலவசமாகக் கிடைக்கும். வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்பு, பரிசு அட்டை எண் கொடு என்றால் பணம் திரும்பி வர வழியே இருக்காது.

ஏமாந்தது தெரிந்தால் அன்றே செய்ய வேண்டியவை: விளம்பரம், பொருளின் பக்கம், கடைசித் தொகை, பில், வந்த பொட்டலத்தின் முகவரிச் சீட்டு, உள்ளே இருந்தது என எல்லாவற்றையும் படமெடுங்கள். பேச்சு முழுவதும் எழுத்திலேயே இருக்கட்டும். "பொருளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், 20% திருப்பித் தருகிறோம்" என்று வந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பிறகு அதை 30%, 40% என்று ஏற்றிக்கொண்டே போய், புகார் கொடுக்கும் கெடுவைத் தாண்டவைப்பார்கள். புகாரை மூடினால் பணம் தருகிறோம் என்றாலும் மூடாதீர்கள், பேபால் என்ற இணையப் பணச் சேவையில் ஒருமுறை மூடிய தகராறைத் திரும்பத் திறக்க முடியாது. கார்டில் கட்டியிருந்தால் வங்கியில் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தை வங்கி வழியே திரும்பப் பெறுவது, கேளுங்கள். கெடு பொதுவாக 120 நாள் என்றாலும் உங்கள் வங்கி அதைவிடக் குறைவாக வைத்திருக்கலாம், ஆகவே முதல் வாரத்திலேயே கேட்பது பாதுகாப்பு. மலிவான ஏதோ ஒன்றை அனுப்பி "டெலிவரி ஆனது" என்ற கண்காணிப்பு எண்ணை விற்பவர் ஆதாரமாகக் காட்டுவார். அப்போது "பொருள் வரவில்லை" என்ற பிரிவில் புகார் கொடுத்தால் தோற்றுவிடுவீர்கள். "விவரித்தபடி இல்லை" என்ற பிரிவில், பொட்டலத்தின் எடை தெரியும் படத்தோடு கொடுங்கள்.