முழங்கால் வலி: சில்லுக் குருத்தெலும்புத் தேய்வா, ஜவ்வுக் கிழிசலா?

முழங்கால் வலியோடு வருபவரிடம் வலிக்கும் இடத்தைக் காட்டச் சொன்னால், அவர் கை போகும் இடமே பாதி விடையைச் சொல்லிவிடும். முழங்காலின் முன்புறமுள்ள சில்லு எலும்பின் பின்புறக் குருத்தெலும்பு பழுதானவர் பெரும்பாலும் உள்ளங்கையால் சில்லு முழுவதையும் பொத்திக் காட்டுவார். மூட்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் மெனிஸ்கஸ் என்னும் ஜவ்வு கிழிந்தவரோ, மூட்டின் உள்பக்கமோ வெளிப்பக்கமோ, எலும்புகள் சந்திக்கும் கோட்டில் ஒற்றை விரலை வைப்பார்.

சில்லு வலி எந்த நாளில் தொடங்கியது என்று பலராலும் சொல்ல முடிவதில்லை. படி ஏறும்போதும், அதைவிட இறங்கும்போதும், குத்துக்காலிட்டு எழும்போதும், பேருந்தில் நெடுநேரம் காலை மடக்கி உட்கார்ந்துவிட்டு எழும்போதும் அது தலைகாட்டும். சமதரையில் நடக்கும்போது சில்லின் மீது விழும் அழுத்தம் உடல் எடையில் ஏறத்தாழ பாதிதான். படிகளில் அது சுமார் 3 மடங்காகவும், ஆழமாகக் குந்தும்போது 7 மடங்குக்கு மேலாகவும் உயர்வதால்தான், தெருவில் சிரமமின்றி நடப்பவர் மாடிப்படியில் கைப்பிடியைத் தேடுகிறார்.

ஜவ்வுக் கிழிசலுக்கு, குறிப்பாக இளவயதில், பெரும்பாலும் ஒரு தொடக்கக் கணம் உண்டு: பாதம் தரையில் ஊன்றியிருக்க உடல் மட்டும் திரும்பிய கணம். சில மணி நேரத்திலோ மறுநாளோ வீக்கம் வரும். வயதானவர்களுக்கு அப்படி எந்த அடியும் இல்லாமலே கிழிவதுண்டு. மடக்கிய காலை முழுதாக நீட்ட முடியாமல் மூட்டு பூட்டிக்கொள்வது கிழிசலின் பக்கமே வலுவாகச் சாயும் அறிகுறி. அப்போது காலை வலிந்து இழுத்து நீட்டாமல் எலும்பு மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

பலரை அச்சுறுத்தும் நறநற சத்தத்துக்கு நான் அவ்வளவு எடை தரமாட்டேன். வலியோ வீக்கமோ இல்லாத சத்தம் நலமான முழங்கால்களிலும் கேட்பதுதான். மாறாக, குருத்தெலும்பில் வலியை உணரும் நரம்புகள் இல்லை. அடியிலுள்ள எலும்பும் மூட்டின் உள்ளுறையும் உறுத்தப்படும்போதே வலிக்கிறது என்பதால், ஓரளவு தேய்ந்த பின்னும் வலி தெரியாமல் இருக்கலாம்.

எக்ஸ்ரேயில் குருத்தெலும்போ ஜவ்வோ நேரடியாகத் தெரியாது; இரண்டையும் எம்.ஆர்.ஐ. காட்டும். ஆனாலும், சில்லு வலிக்குப் பெரும்பாலும் தொடை, இடுப்புத் தசைகளை வலுவாக்கும் பயிற்சியே முதல் சிகிச்சை என்பதால், எல்லோருக்கும் ஸ்கேன் உடனே தேவைப்படாது. முழங்கால் சிவந்து, சூடாகி, வீங்கி, காய்ச்சலும் சேர்ந்தால் இந்த ஒப்பீட்டுக்கே இடமில்லை. அது மூட்டில் கிருமித் தொற்றாக இருக்கலாம் என்பதால் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.