வாசல் கேமரா படம் திக்குகிறதா: ரிப்பீட்டரா, லேன் கேபிளா?

வைஃபை கேமராவின் படம் விட்டுவிட்டு ஓடுகிறது என்றால் கடைக்காரர், ரூட்டரின் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டரைத்தான் நீட்டுவார். வாங்கும் முன் கேமரா செட்டிங்கில் படத் தெளிவை 1080பி-யிலிருந்து 720பி-க்குக் குறைத்துப் பாருங்கள். அதிலேயே சரியானால் காசு மிச்சம்.

செலவு: ரிப்பீட்டர் ஒரு பெட்டியோடு முடிந்தது. ரூட்டரிலிருந்து கேமரா வரை இழுக்கும் லேன் கேபிளுக்குச் சுவரில் துளை, பைப், ஆள் கூலி எல்லாம் உண்டு.

வேகம்: 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் ரிப்பீட்டரில் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். அதையும் பலர் கேமராவுக்குப் பக்கத்திலேயே மாட்டுகிறார்கள். ரூட்டர் சிக்னல் இன்னும் நன்றாகக் கிடைக்கும் நடுவழியில் அல்லவா மாட்ட வேண்டும்! நல்ல செம்புக் கேபிள் 100 மீட்டர் வரை வேகம் குறையாமல் கொண்டுபோகும்.

வாடகை வீட்டுக்கு ரிப்பீட்டர் போதும். சொந்த வீடு, கேமராவில் லேன் போர்ட்டும் இருக்கிறது என்றால் கேபிளையே இழுத்துவிடுங்கள்.