இன்ட்ராநெட்டில் இருந்து ஷேர்டு ஃபோல்டருக்கு லிங்க்: நாள்பட்ட பயன்பாட்டில் எது தாங்குகிறது

ஃபைல் சர்வரில் கிடக்கும் விடுப்புப் படிவத்துக்கு ஆபீஸ் இன்ட்ராநெட் (ஆபீஸுக்குள் மட்டும் திறக்கும் தளம்) பக்கத்தில் ஒரு லிங்க். கிளிக் செய்தால் ஒன்றுமே நடக்காது, பிழைச் செய்திகூட வராது. எஃப்12 அழுத்தி கன்சோலைத் திறந்தால்தான் பிரவுசர் அதைத் தடுத்திருப்பது தெரியும். அதே முகவரியை அட்ரஸ் பாரில் ஒட்டினால் திறந்துவிடும். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது: லிங்க் தப்பில்லை, இணையப் பக்கத்தில் இருந்து கிளம்பும் ஃபைல் லிங்கைத்தான் குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் மூன்றும் மறிக்கின்றன. காரணமும் நியாயமானது. வெளியாள் ஒருவர் தன் சர்வருக்கு இப்படி லிங்க் போட்டால், விண்டோஸ் அங்கே தானாக லாகின் செய்யப் பார்த்து பாஸ்வேர்டின் ஹாஷை (பாஸ்வேர்டிலிருந்து கணக்கிட்ட குறியை) கொடுத்துவிடக்கூடும்.

இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் காலத்தில் தளம் இன்ட்ராநெட் ஜோனில் (விண்டோஸ் உள் தளங்கள் என்று வகைப்படுத்தும் பட்டியலில்) இருந்தால் போதும், லிங்க் திறந்துவிடும். 2022 ஜூன் 15-உடன் அந்த பிரவுசருக்கான ஆதரவு முடிந்தது. எட்ஜின் ஐஇ (இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்) மோடில் இன்னும் ஓட்டலாம். ஆனால் ஒரு லிங்குக்காக முழுத் தளத்தையும் பழைய இன்ஜினில் ஓட்டுவது வீண்.

நின்று வேலை செய்வது எட்ஜ் 95-இல் வந்த ‘இன்ட்ராநெட் ஃபைல் லிங்க்ஸ் எனேபிள்ட்’ என்ற குரூப் பாலிசிதான் (எல்லாக் கம்ப்யூட்டருக்கும் அட்மின் ஒரே இடத்தில் வைக்கும் அமைப்பு). நிபந்தனைகள் மூன்று. பக்கம் எச்டிடிபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். அந்தத் தளம் இன்ட்ராநெட் ஜோனில் இருக்க வேண்டும். ஃபைல் சர்வரும் அதே ஜோனில் இருக்க வேண்டும். பெரும்பாலும் கோட்டைவிடுவது இரண்டாவதில். புள்ளி இல்லாத குட்டிப் பெயரைத்தான் விண்டோஸ் தானாக இன்ட்ராநெட் என்று எடுத்துக்கொள்ளும்; புள்ளி வைத்த முழுப் பெயரையும் ஐபி எண்ணையும் வெளி இணையமாகவே பார்க்கும். எச்டிடிபிஎஸ் சான்றிதழோ பொதுவாக முழுப் பெயருக்குத்தான் வாங்கியிருப்பார்கள். ஆக முதல் நிபந்தனையைச் சரிசெய்த கையோடு இரண்டாவது உடைகிறது. குரூப் பாலிசியின் ‘சைட் டு ஜோன் அசைன்மென்ட் லிஸ்ட்’டில் தளம், ஃபைல் சர்வர் இரண்டின் முழுப் பெயரையும் 1 என்ற மதிப்புடன் சேர்த்தால் தீரும். 2 என்று போட்டால் அது டிரஸ்டட் ஜோன், இதற்கு உதவாது.

ஒரு விஷயத்தைப் பயனர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எட்ஜ் அந்த ஃபைலைத் திறக்காது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் அது இருக்கும் ஃபோல்டரைத் திறந்து, ஃபைலைத் தேர்வு செய்து காட்டும். மறுபடி டபுள் கிளிக் செய்ய வேண்டும். எரிச்சல்தான். ஆனால் ஃபோல்டருக்கே லிங்க் கொடுத்துவிட்டால் இந்தக் குறை தெரியாது, ஃபைலின் பெயர் மாறினாலும் லிங்க் சாகாது.

ஃபயர்ஃபாக்ஸில் யூசர் ஜேஎஸ் என்ற அமைப்பு ஃபைலில் (user.js) மூன்று வரி எழுதி நம் தளத்துக்கு மட்டும் விலக்கு கொடுக்கலாம். குரோமில் எக்ஸ்டென்ஷன்தான், அதில் ஃபைல் முகவரிகளுக்கான அனுமதியை ஒவ்வொருவரும் தானே ஆன் செய்ய வேண்டியிருக்கும். ஐம்பது பேர் ஆபீஸில் இது நடக்கிற காரியமா?

முகவரி எழுதும்போது ‘ஃபைல்:’ (file:) என்பதற்குப் பின் ஐந்து சாய்கோடு (/////), பிறகு சர்வர் பெயர், ஷேர் (பகிர்ந்த ஃபோல்டர்) பெயர். குரோமும் எட்ஜும் இரண்டு கோட்டிலேயே புரிந்துகொள்ளும், ஃபயர்ஃபாக்ஸ் ஐந்து கேட்கும். ஐந்தாகப் போட்டால் எல்லாவற்றுக்கும் சரி. இடைவெளி %20 ஆக வேண்டும். # இருந்தால் %23. இல்லையென்றால் அதற்குப் பிந்தைய பகுதி முகவரியிலேயே சேராது. தமிழில் பெயர் வைத்தால் ஒவ்வொரு குறியீடும் ஒன்பது எழுத்தாக நீளும்: ‘கணக்கு’ மட்டுமே 54. வேலை செய்யும், ஆனால் லிங்கைக் கண்ணால் படித்துச் சரிபார்க்க முடியாது. இசட் டிரைவ், எக்ஸ் டிரைவ் என்று எழுதவே கூடாது; பக்கத்து மேசையில் அந்த எழுத்து வேறு ஷேரைக் காட்டும். டிஎஃப்எஸ் பெயர்வெளி (எந்த சர்வரில் இருந்தாலும் ஷேரை ஒரே பெயரில் காட்டும் விண்டோஸ் வசதி) இருந்தால் அதையே லிங்கில் வையுங்கள், சர்வரை மாற்றினாலும் பக்கத்தைத் தொட வேண்டாம். அந்தப் பெயரையும் ஜோன் பட்டியலில் சேர்க்க மறக்காதீர்கள்.

படிக்க மட்டும் கொடுக்கும் கோப்புகளுக்கு ஐஐஎஸ்ஸில் (விண்டோஸின் வெப் சர்வர்) விர்ச்சுவல் டைரக்டரி வைத்து, அதாவது அந்த ஃபோல்டரைத் தளத்தின் ஒரு பகுதியாக இணைத்து, எச்டிடிபிஎஸ் வழியே கொடுப்பது இன்னும் நல்லது. எந்த பிரவுசரிலும் திறக்கும். திருத்த வேண்டிய எக்செலுக்கு இது ஆபத்து. டவுன்லோட்ஸில் இறங்கிய நகலைத் திருத்தி சேவ் செய்துவிட்டு, சர்வரில் இருப்பது மாறிவிட்டதாக ஆள் நம்பிவிடுவார்.

எல்லா லிங்குக்கும் பக்கத்தில் பாதையை எழுத்தாகவும் காட்டி ஒரு காப்பி பட்டன் வையுங்கள். பிரவுசர் எதுவானாலும் எக்ஸ்ப்ளோரரின் அட்ரஸ் பாரில் ஒட்டித் திறந்துகொள்ளலாம். அந்த பட்டனுக்கான கிளிப்போர்டு வசதியும் எச்டிடிபிஎஸ்ஸில்தான் ஓடும். பாதையை எடுக்க ‘காப்பி ஆஸ் பாத்’ பயன்படுத்தினால் இரு பக்கமும் மேற்கோள் குறி ஒட்டிக்கொண்டு வரும். அதை நீக்கிவிட்டே பக்கத்தில் போடுங்கள். வீட்டிலிருந்து விபிஎன் இல்லாமல் கிளிக் செய்பவருக்கு இதில் எந்த வழியும் ஷேரைத் திறக்காது; அதற்கும் பக்கத்திலேயே ஒரு வரி எழுதி வைத்தால் ஹெல்ப் டெஸ்க்குக்கு வரும் போன் குறையும்.